தறி நிற்கும் நாட்களுக்கு யார் கூலி?

மருத்துவச் செலவு என்றால் மருத்துவமனை ரசீதை மட்டுமே கணக்கில் கொள்ளும் வழக்கம், காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்யும் பட்டு நெசவாளரின் நிலையைப் பாதிகூடச் சொல்வதில்லை. மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத் தமிழகத்தில் வழியில்லாமல் இல்லை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது, காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இவற்றைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் மாதந்தோறும் கடையில் வாங்கும் மாத்திரை இந்தக் காப்பீட்டில் அடங்குவதில்லை. அதைவிடப் பெரியது, எந்த ரசீதிலும் ஏறாத கூலி இழப்பு.

கோர்வை, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் முறையில், குழித்தறியில் காலிறக்கி மிதிபலகையை மிதிப்பவர் ஒருவர், பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைக் கோத்துத் தருபவர் இன்னொருவர். நெய்பவர் நோயில் படுத்தால் துணையாளின் கூலியும் நிற்கிறது, பாவு தறியிலேயே கிடக்கிறது, முதலாளியிடம் வாங்கிய முன்பணமோ அப்படியே நிற்கிறது.

இதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளிக்கு, தொழிலாளியும் நிர்வாகமும் பங்கு செலுத்தும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு, சிகிச்சையோடு, நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியத்தையும் தருகிறது. வீட்டுத் தறியில் நெய்பவர் எந்த நிர்வாகத்தின் ஊழியராகவும் ஏட்டில் இல்லாததால் அவருக்கு அது கிடைப்பதில்லை. பட்டும் சரிகையும் முதலாளியுடையவை, முடிந்த சேலையும் அவருடையது, முதுகுவலி மட்டும் நெசவாளருடையது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் இ.எஸ்.ஐ. பயன்களை வழங்கத் திட்டம் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. அதைக் காஞ்சிபுரத்து நெசவாளர்களிடமிருந்து தொடங்க வேண்டும். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர் பட்டியலும் கூலிக் கணக்கும் இருப்பதால் அங்கே தொடங்குவது எளிது. பணம் எங்கே என்ற கேள்விக்கு, பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் முகூர்த்தச் சேலையின் மீது சிறு தீர்வை விதிக்கலாம் என்பதே விடை. கல்யாண வீட்டார் அதற்காக முகம் சுளிக்கப்போவதில்லை. தனியார் வணிகர்களுக்கு நெய்பவர்களைப் பதிவுசெய்வதுதான் கடினம். மாநிலக் கைத்தறித் துறை அந்த வேலையை அடுத்த முகூர்த்தப் பருவத்துக்குள் தெருத்தெருவாகத் தொடங்கியாக வேண்டும்.