இடம் தந்தவர்களுக்கும் பங்கு உண்டு

கலைஞர்களை ஓர் ஊரில் சில வாரங்கள் தங்கவைத்து, அந்த ஊரையே கருவாகக் கொண்டு சேர்ந்து படைக்கச் சொல்லும் உறைவிட முகாம்கள் இன்று பெருகிவருகின்றன. எங்கள் வட்டத்தில் இவற்றை ரெசிடென்சி என்போம். 1982-இல் சிற்பி ஆன்டனி காரோவும் ராபர்ட் லோடரும் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய டிரையாங்கிள் பட்டறை இதற்கு ஒரு முன்னோடி. அந்த வழியில் இந்தியாவில் 1997-இல் மோதிநகரில் கோஜ் பட்டறை கூடியது. 2012-இல் கொச்சி பினாலே கலைத் திருவிழா தொடங்கியபின், ஃபோர்ட் கொச்சியின் பழைய சரக்குக் கிடங்குகளும் கலைக்கூடங்களாயின. அச்சோவியக் கலைஞரான எனக்கு இந்த முகாம்கள் நிறையக் கொடுத்திருக்கின்றன. அந்த உரிமையில் ஒன்றை வலியுறுத்துகிறேன்: ஓர் இடத்திலிருந்து பிறக்கும் படைப்பில், அந்த இடத்தில் உழைப்பவர்களுக்குப் பெயரிலும் கூலியிலும் பங்கு வேண்டும்.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் தோபிகானா என்ற சலவைக்கூடம் இருக்கிறது. அதை நடத்துவது தமிழ் வண்ணார் சங்கம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடை துவைக்கத் தங்கள் முன்னோர் அழைத்துவரப்பட்டதாக அங்குள்ள குடும்பங்கள் சொல்கின்றன. முன்பு குளங்களில் துவைத்தவர்களுக்கு 1976-இல் இன்றைய கட்டடம் கிடைத்தது. ஆளுக்கொரு துவைகல், தொட்டி. கஞ்சி, நீலம், வெயில், கரி இஸ்திரிப் பெட்டி என்று வேலை வரிசையாக நடக்கிறது. அவர்கள் பேசும் தமிழில் மலையாளம் இழையோடும்.

எனக்கும் அசாமிலிருந்து வந்த ஒரு நெசவுக் கலைஞருக்கும் கொச்சியில் ஒரு முகாமில் கிடைத்த களம் அதுதான். நாங்கள் எடுத்துக்கொண்ட முறை சயனோடைப். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தது. இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் துணியில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும். நிழல் விழுந்த இடம் அலசியதும் வெள்ளையாகத் தெளியும். வெள்ளைத் துணியும் வெயிலும் தண்ணீரும் வேண்டிய இந்தக் கலைக்குத் தோபிகானாவைவிடப் பொருத்தமான இடம் ஏது?

பொருத்தத்தைக் கண்டது நாங்கள். வடிவம் கொடுத்தது அவர்கள். அங்கே கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடையில் துணியின் நுனியைச் செருகுகிறார்கள். கடற்காற்று அடித்தாலும் துணி விழாது. என் நெசவுத் தோழி அந்த முறுக்கைக் கற்றுக்கொள்ள ஒரு பெரியவரிடம் பலமுறை உட்கார்ந்தார். எங்கள் துணிகளை எல்லாம் அப்படியே தொங்கவிட்டோம். முதல் துணியை அலசப் போனபோது ஒரு பெரியம்மா தடுத்தார்: “சோடா போட்ட தொட்டியில முக்காதேம்மா, சாயம் நிக்காது.” சயனோடைப்பின் நீலம் காரத்தில் வெளுத்துவிடும் என்பது வேதியியல். அவர் அதைத் தன் கை அனுபவத்தில் சொன்னார். சோடா படாத தொட்டியையும் காட்டினார்.

எந்த வீட்டுத் துணி எது என்று அறியப் போடும் சலவைக் குறிகளையும் அச்சில் கொண்டுவர விரும்பினோம். வாடிக்கையாளர் குறி வேண்டாம், அது அவர்கள் வீட்டுக்கு உரியது என்றார்கள் சலவைக்காரர்கள். அதற்குப் பதிலாக, எங்களோடு வேலை செய்த ஒவ்வொருவரும் தனக்கென ஒரு குறியை உண்டாக்கித் துணியின் மூலையில் இட்டார். எங்கள் கையெழுத்தும் அவற்றின் நடுவில் ஒன்றாக இருந்தது. கூலி மட்டும் எளிதில் வரவில்லை. முகாமின் வரவு செலவில் கலைஞர் உதவித்தொகை இருந்தது, போக்குவரத்துச் செலவு இருந்தது. கற்றுக்கொடுத்தவர்களுக்கு ஒரு வரி இல்லை. வற்புறுத்திக் கேட்டுத்தான் வாங்கினோம். துவைப்பை விட்டுவிட்டு ஒருவர் எங்களோடு செலவிடும் அரைநாள், அவருடைய அரைநாள் வருமானம். சாதியின் பெயரால் நெடுங்காலம் கூலி குறைக்கப்பட்ட ஒரு தொழிலில், கலையின் பெயராலும் இலவச உழைப்பு வாங்குவது பெரும் அநீதி.

இடத்துக்குரியவர்களின் சம்மதத்தை மதித்ததற்கு வெளிநாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில் எச்சிகோ-சுமாரி கலைத் திருவிழா 2000-இல் தொடங்கியது. பனி அடர்ந்த, இளைஞர்கள் வெளியேறிவந்த மலைக் கிராமங்கள் அவை. அங்கே இல்யா, எமிலியா கபகோவ் இணையர் படிக்கட்டு வயல்களில் உழவர் உருவங்களை நிறுத்த விரும்பினார்கள். வயலுக்குரியவர் முதலில் மறுத்தார். அந்த மண்ணின் உழைப்பைத்தான் படைப்பு பேசுகிறது என்று அறிந்தபின் சம்மதித்தார். விழாவை நடத்தும் ஃபிராம் கிதாகாவா, ஊராரின் சம்மதத்தையும் கைவேலையையும் கலையின் பகுதியாகவே கருதுகிறார். வயல்காரர் மறுக்க முடிந்தது என்பதால்தான் அவருடைய சம்மதத்துக்கு மதிப்பு இருந்தது.

இப்படியெல்லாம் நிபந்தனை வைத்தால் கலைஞரின் சுதந்திரம் என்னாகும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் குறி வேண்டாம் என்ற மறுப்பு எங்களைக் கட்டிப்போடவில்லை. நாங்கள் நினைத்திராத வேலையை நோக்கித் தள்ளியது. ஓரிரு நாள் வந்து புகைப்படம் எடுத்து, உழைக்கும் உடல்களைப் பின்னணியாக்கி, பெருநகரக் காட்சிக்கூடத்தில் மாட்டுவதும் சுதந்திரம்தான். ஆனால் அந்தப் படைப்பில் இடத்தின் மேற்பரப்பு மட்டுமே இருக்கும். அங்கு நாள்தோறும் கூடிவரும் அறிவு அதில் இருக்காது.

முகாம் நடத்தும் அமைப்புகளும் அதற்குப் பணம் தரும் அரசுத் துறைகளும் சிலவற்றை விதியாக்க வேண்டும். ஊரில் கற்றுக்கொடுப்பவர்களுக்கான ஊதியம் திட்டச் செலவில் தனி வரியாக இருக்கட்டும். முதல் காட்சி அந்த இடத்திலேயே, அவர்கள் வேலை முடியும் நேரத்தில் நடக்கட்டும். பெயர்ப் பலகையில் அவர்கள் விரும்பினால் அவர்கள் பெயரும் வரட்டும். படைப்பு விற்றால் அவர்களுக்கு என்ன பங்கு என்பதை முன்பே எழுதிக்கொள்ளட்டும். முகாமுக்கு விண்ணப்பிக்கும் இளம் கலைஞர்களே, உங்கள் உதவித்தொகை எவ்வளவு என்று கேட்கும் அதே கடிதத்தில் இதையும் கேளுங்கள். பதில் வந்தபின் கையெழுத்திடுங்கள்.