மரத்துப்போன விரல்கள்

உடலரசியல் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுத்து. ஜாக்ஹாமர் பிடிக்கிற உடம்பைப் பற்றி அதில் ஒரு வரி தேடித்தான் எடுக்கணும்.

கல்குவாரியில் குழி போடுகிறவர் கையில் அந்த மெஷின் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் உதறுகிறது. பாறையைத் துளைக்கிற அதே அதிர்வு உள்ளங்கை வழியாக மூட்டு, தசைநார், எலும்பு என்று ஏறுகிறது. வருஷக்கணக்கில் விரல்களின் நரம்பும் நுண்ணிய ரத்தக் குழாயும் நசிகின்றன. உள்ளங்கைத் தோலுக்கடியில் உள்ள இணைப்புத் திசு சிலருக்குத் தடித்து, கயிறு போல் இறுகி, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கிவிடும். பிறகு விரிக்க வராது. டுப்யூட்ரன் சுருக்கம் என்கிறது மருத்துவம். பரம்பரையாகவும் வரும்தான். ஆனாலும் அதிர்வுக் கருவி பிடித்தவர்களுக்கு இதைத் தொழில்நோயென்று 2019ல் பிரிட்டன் ஏற்றது.

நான் பேங்க் கிளார்க். "நீங்களே எண்ணிக் குடுங்க சார், வெரலு மரத்துப்போச்சு, நோட்டு பிரிக்க வரல" என்கிறவர்களைக் கவுண்டரில் பார்க்கிறேன். கேட்டால் கம்ப்ரசர் வேலை என்பார்கள். அந்தக் கைகள் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்று இந்த இதழின் வாசகருக்குச் சொல்ல வேண்டாம்.

இது புதுசாகக் கண்டுபிடித்த நோயுமல்ல. அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளரின் வெளுத்த விரல்களை 1918லேயே மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் பதிவு செய்தார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலில் அதிர்வு நோய் இருக்கிறது. இங்கே? 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 29 நோய்கள் இருந்தன. சிலிகோசிஸ் உண்டு, அதிர்வு நோய் இல்லை. 2020ன் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 29தான். பட்டியலில் இல்லாத நோயை டாக்டர் அறிவிக்க வேண்டியதில்லை. அரசுக் கணக்கில் அது ஏறாது.

இன்னொரு சிக்கல். விரல் வெளுப்பது குளிர்நாட்டு அடையாளம். நம் வெயிலில், நம் கறுத்த விரலில் வெளுப்பைத் தேடுகிற டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். மரத்துப்போகிறதா, மடங்குகிறதா, எந்த மெஷினை எத்தனை வருஷம் பிடித்தாய் என்று கேட்கணும்.

அதிர்வு நோயை அட்டவணையில் சேர். மெஷின் பிடிக்கும் நேரத்துக்கு வரம்பு கட்டு. இதுதான் நம் கோரிக்கை.

கம்ப்ரசர் வேலை பார்க்கும் தோழர்கள் எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். இலக்கணம் பார்க்க மாட்டோம். எந்த விரல், எத்தனை வருஷம் என்பது போதும். அச்சிலும் போடுவோம், மனுவிலும் சேர்ப்போம்.