எழுதுவது எளிது, அடுக்கி வைப்பதே பணி

சிட்னி மாநகரின் மேற்குப் புறத்தே, பரமட்டாவைக் கடந்து செல்லும் தொடருந்துப் பாதையில் அமைந்துள்ள பென்டில் ஹில், அவுஸ்திரேலியத் தமிழருக்கு அறிமுகம் தேவையற்ற ஊர். இங்குள்ள தமிழ்க் கடைகளின் கண்ணாடிகளில் எந்த வாரமும் பத்துக்குக் குறையாத அறிவித்தல்கள் ஒட்டப்பட்டிருக்கும். கலைவிழா, நூல் வெளியீடு, கோயில் திருவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு நிகழ்வு என அவை நீளும். அடுத்த வாரம் அவை கிழிக்கப்பட்டு, வேறு தாள்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிழிக்கப்பட்ட தாள்களோடு ஒரு சமூகத்தின் வரலாறும் குப்பைக்கூடைக்குப் போகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, வீட்டில் தமிழ் பேசுவோராக அவுஸ்திரேலியாவில் 95,000இற்கும் மேற்பட்டோர் பதிவாகியுள்ளனர். இத்தனை பேர் வாழ்ந்தும், 1983இன் பின்னர் இங்கு வந்து சேர்ந்த முதல் குடும்பங்கள் எவ்வாறு வாழ்வைத் தொடங்கின, முதல் தமிழ்ப் பாடசாலை வகுப்புகள் எந்த மண்டபத்தில் நடந்தன, யார் கற்பித்தார்கள் என்று ஒரு பதினைந்து வயது மாணவி தேடினால், அவளுக்குத் தமிழில் கிடைப்பது மிகச் சொற்பம். அன்று முப்பது வயதில் வந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களது நினைவே இப்போது நம்மிடமுள்ள ஒரே ஆவணக் காப்பகம்.

இந்தக் குறையை உணர்ந்த இளையோர் சிலரும், ஓய்வுபெற்ற பெரியோர் சிலரும் வலைப்பதிவு தொடங்குவது வரவேற்கத்தக்கது. ஆயினும் புதிய வலைப்பதிவுகள் பலவற்றின் ஆயுள் மூன்று பதிவுகளே. முதற் பதிவு வணக்கம் கூறும். இரண்டாவது தாய்மொழியின் பெருமை பேசும். மூன்றாவது, நீண்ட நாட்களாக எழுத முடியாமைக்கு வருத்தம் தெரிவிக்கும். நான்காவது வருவதேயில்லை. இதற்குச் சோம்பலைக் காரணம் கூறுவது எளிது. உண்மைக் காரணம் வேறு. கருவியை இயக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் எதை எழுதுவது, எழுதியதை எங்கே வைப்பது, வைத்ததை மீண்டும் எவ்வாறு எடுப்பது என்பதை நாம் எவருக்கும் கற்பிக்கவில்லை.

கருவி தடையாக இருந்த காலம்

கருவியே பெருந்தடையாக இருந்த காலமும் உண்டு. நம்மவர் மத்தியில் பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்தால், கணினி உள்ளே சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் அந்த ஆங்கிலக் கோலமே தெரியும். தேடுபொறிக்கோ அது தமிழே அல்ல. இவ்வாறு எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்கள், இருந்தும் இல்லாதவையாகக் கிடக்கின்றன.

இதனை மாற்றப் பலர் உழைத்தனர். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாக, தமிழ் 99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. 31 விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் எழுத முடியும் என்பது அதன் சிறப்பு. க என்ற விசையின் பின் இ என்ற விசையை அழுத்தினால் கி பிறக்கும். அரிச்சுவடியில் கற்ற இலக்கணமே அங்கு தட்டச்சு முறையாகின்றது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், முகுந்தின் எ-கலப்பை, சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி ஆகியவை பலருக்கும் வழிகாட்டின. ஒருங்குறி பரவியதும், உலகின் எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் நிலை உருவானது. இன்று கைபேசியிலேயே தமிழ் விசைப்பலகை கிடைக்கின்றது. தட்டச்சு தெரியாதென்பது இனி ஏற்கத்தக்க காரணமன்று.

2003ஆம் ஆண்டளவில் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றின. அவ்வாண்டிலேயே தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கியது. 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம், சிதறிக் கிடந்த வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டித் தந்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் வாசித்துக்கொண்ட அந்த ஆண்டுகளில், ஆசிரியரோ பதிப்பாளரோ இன்றி எவரும் எழுதலாம் என்ற நிலை நம் மொழிக்கு வாய்த்தது. அதன் பயனை மறுப்பதற்கில்லை.

எரிந்ததும் அழிந்ததும்

எழுதியவை நின்றனவா என்பதே அடுத்த கேள்வி. நம்மவரிற் பலர் இலவசமாக இணையப் பக்கம் அமைத்த ஜியோசிற்றீஸ் சேவையை, யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடியது. வலைப்பதிவுகளைத் தொடர்ந்து வாசிக்க உதவிய கூகிள் ரீடர் 2013 யூலையில் நிறுத்தப்பட்டது. தமிழ் உரையாடல்கள் பல நடந்த யாகூ குழுமங்களும் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. படி எடுத்து வைத்தவர்களின் எழுத்து பிழைத்தது. மற்றையோரின் எழுத்து போயிற்று.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஆண்டுதோறும் அதனை நினைவுகூருகின்றோம், நினைவுகூர வேண்டியதே. ஆனால் அந்த நெருப்பை மூட்டியவர்கள் பிறர். நம் கைகளால் எழுதி, நம் கவனக்குறைவால் நாம் இழந்தவற்றுக்கு எவரைக் குற்றஞ்சாட்டுவது? நூலகத்தை இழந்த ஓர் இனம் அடுக்கிக் காப்பதில் மற்றெவரையும் விட அக்கறை கொள்ள வேண்டாமா?

அரங்கநாதன் காட்டிய வழி

தகவலை ஒழுங்குபடுத்தும் கலையை நாம் பிறரிடம் கடன் வாங்கத் தேவையில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். அடிப்படையில் கணித ஆசிரியர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகர்கள் கற்கும் பாடமாயின. நூல் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பதும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவற்றின் சாரம். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், அதன் பல கூறுகளையும் தனித்தனியே குறித்துக் காட்டியது. அக்கூறுகளில் இடமும் காலமும் சேர்ந்திருந்தன.

இதை வலைப்பதிவுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு பதிவையும் முடித்ததும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்: யாரைப் பற்றியது? எதைப் பற்றியது? என்ன நடந்தது? எங்கே? எப்போது? இவற்றின் விடைகளே அப்பதிவின் குறிச்சொற்கள். ‘கவிதை’, ‘பொது’, ‘மற்றவை’ என்று குறிச்சொல் இடுவது, வீட்டிலுள்ள எல்லாப் பொருட்களையும் ஒரே சாக்கில் கட்டி வைப்பதற்கு ஒப்பானது.

நம் கண்முன்னே இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிமத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சிறப்பு மலர்களையும் இணையத்தில் ஆவணப்படுத்தி வருகின்றது. அங்கே ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால், நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாண்டு, பக்கங்கள் என எல்லாம் ஒரே ஒழுங்கில் இருக்கும். அந்த எண்ணும் அந்த அட்டவணையும் இல்லையேல், எத்தனை ஆயிரம் கோப்புகள் இருந்தும் பயனில்லை. 1998 பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டமும், பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் ஒரே ஒழுங்கைக் கைக்கொண்டதனாலேயே நிலைத்தது.

புதியவர்க்குச் சில நெறிகள்

தொடங்கும் இளையோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

ஒன்று: தலைப்பிலேயே பொருள் விளங்க வேண்டும். ‘மறக்க முடியாத நாள்’ என்ற தலைப்பைப் பத்தாண்டுகளின் பின் எவரும் தேட மாட்டார். நிகழ்வின் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைத் தலைப்பில் இடுங்கள்.

இரண்டு: பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலைப் பேணுங்கள். பென்டில் ஹில், பெண்டில்ஹில், பென்டில்கில் என மூன்று விதமாக எழுதினால், தேடுபவர் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே காண்பார். அவுஸ்திரேலியாவா, ஆஸ்திரேலியாவா என்பதையும் முதல் நாளிலேயே முடிவு செய்யுங்கள். முடிவுகளை ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகில் ஒட்டி வையுங்கள்.

மூன்று: குறிச்சொற்கள் சிலவாக இருக்கட்டும். இருபது பதிவுகளுக்கு அறுபது குறிச்சொற்கள் இருப்பின் அது ஒழுங்கன்று.

நான்கு: எழுதிய நாள் வேறு, நிகழ்ந்த நாள் வேறு. வலைப்பதிவுக் கருவி எழுதிய நாளை மட்டுமே தானாகக் குறிக்கும். 1987இல் நடந்ததை இன்று எழுதுகின்றீர்களாயின், 1987 என்பதை நீங்களே பதிவில் இட வேண்டும்.

ஐந்து: யார் சொன்னார், எதில் வாசித்தீர் என்பதைக் குறிப்பிடுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள்.

ஆறு: படங்களுக்கு, எவர், எங்கே, எந்த ஆண்டு என்ற விளக்கம் எழுதுங்கள். கோப்பின் பெயரும் அவ்வாறே அமையட்டும். படக்கருவி தந்த இலக்கத்தோடு சேமித்த ஆயிரம் படங்கள் எவருக்கும் உதவா.

ஏழு: பதிவுகள் பெருகியதும் பொருளடக்கப் பக்கம் ஒன்றை அமையுங்கள். புதிய பதிவு பழையதைக் கீழே தள்ளிவிடுவது வலைப்பதிவின் இயல்பு. பொருளடக்கமே பழையதை மீண்டும் மேலே கொணரும்.

எட்டு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுப் பதிவையும் ஏற்றுமதி செய்து, வேறிடத்தில் படியொன்று வையுங்கள். புளொக்கரிலும் வேர்ட்பிரஸிலும் அதற்கு வசதி உண்டு. இலவசமாகக் கிடைத்த வீட்டின் சாவி நம்மிடம் இல்லை என்பதை மறவாதீர்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளைகள் கணினியின் முன் காலத்தைக் கழிக்கின்றனர் என்று குறைகூறும் பெற்றோர் ஒன்றை எண்ண வேண்டும். பிள்ளையிடம் கருவி இருக்கின்றது. சொல்வதற்குச் செய்தி இல்லை. பெற்றோரிடமும் பேரன் பேர்த்தி கண்டோரிடமும் செய்தி நிறைந்திருக்கின்றது, கருவி இல்லை. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தாலன்றி இப்பணி நிறைவேறாது.

எங்கே தொடங்குவது? நம் வீடு ஒவ்வொன்றிலும், அலுமாரியின் மேல்தட்டில், ‘கல்வெட்டு’ என்று நாம் அழைக்கும் நினைவு மலர்கள் சில இருக்கும். முப்பத்தோராம் நாளன்று வழங்கப்பட்டு, ஒருமுறை புரட்டி வைக்கப்பட்டவை. தேவாரத்துக்கும் நன்றி நவிலலுக்கும் இடையில், ஓர் ஊரின் பெயர், ஒரு குடும்பத்தின் வழித்தோன்றல், ஒருவர் கற்ற பாடசாலை, பார்த்த தொழில், புலம்பெயர்ந்த ஆண்டு ஆகியவை அவற்றில் அச்சாகியுள்ளன. கல்வெட்டு என்ற பெயரிட்டுக் கடதாசியில் அச்சிட்டோம். கல்லின் ஆயுளை அதற்குக் கொடுப்பது இனி நம் கையில். ஒரு மலரை எடுத்து, அதிலுள்ளவரைப் பற்றி அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு எழுதும் பிள்ளை, பள்ளிப் பாடத்தில் காணாத சொற்களையும் அப்போது கற்கும். உயர்தரப் பாடசாலைச் சான்றிதழுக்குத் தமிழை ஒரு பாடமாகக் கற்கும் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த எழுத்துப் பயிற்சி அரிது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உயிருடன் இருப்போரின் பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எவ்வகையிலும் வெளியிடலாகாது. தாயகத்திலுள்ள உறவினரின் பெயரையோ படத்தையோ அவர்களது சம்மதமின்றி இடுதல் தவறு. நமக்கு இங்கு பாதிப்பில்லாதது அவர்களுக்கு அங்கு இடர் தரலாம். நினைவு மலராயினும் குடும்பத்தாரின் இசைவைப் பெறுங்கள். எதை வெளியிடாது காப்பது என்று அறிதலும் ஒழுங்குபடுத்தலின் ஒரு பகுதியே.

முகநூலும் வட்ஸ்அப்பும் இருக்க வலைப்பதிவு எதற்கு என்று சிலர் கேட்பர். செய்தி பரப்ப அவை சிறந்தவை. ஆனால் சென்ற ஆண்டு வட்ஸ்அப் குழுவில் வந்த ஓர் அரிய புகைப்படத்தை இன்று தேடி எடுக்க முயன்று பாருங்கள், விடை கிடைக்கும். அங்கே பகிர்ந்தது அந்தச் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகின்றது. திறந்த வலையில் எழுதியதையே தேடுபொறி கண்டெடுக்கும். இன்று கேள்விக்கு விடைகூறும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் பெரும்பாலும் இணையத்தில் எழுதப்பட்டவற்றிலிருந்தே கற்கின்றன. நாம் நம்மைப் பற்றி எழுதாவிடின், பிறர் எழுதியதே நம் பிள்ளைகளுக்கு விடையாக வந்து சேரும்.

ஆங்கிலத்தில் எழுதினால் போதாதா என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஆங்கிலத்திலும் எழுதுங்கள், தவறில்லை. ஆனால் வாய்மொழியாகச் சொன்னவரின் சொற்கள் தமிழிலேயே இருக்கட்டும். மொழிபெயர்ப்பைப் பின்னர் எவரும் செய்யலாம். சொன்னவர் மறைந்த பின் மூலத்தை எவராலும் செய்ய முடியாது.

காப்பதற்கு இந்நாட்டிலும் வழிகள் உள்ளன. அவுஸ்திரேலியத் தேசிய நூலகம் 1996 முதல் பண்டோரா என்ற பெயரில் இணையத்தளங்களைத் தெரிந்தெடுத்துச் சேமிக்கத் தொடங்கியது. 2019 முதல் இந்நாட்டு இணையச் சேமிப்பை ட்ரோவ் வழியாக எவரும் தேடிப் பார்க்கலாம். ஒழுங்காக அமைந்த, திகதியும் மூலமும் குறிக்கப்பட்ட தமிழ்ப் பதிவொன்று அங்கு இடம்பெறத் தகுதியானதே. நாம் இந்நாட்டு வரலாற்றின் விருந்தினர் அல்லர். அதன் ஒரு பகுதியினர்.

எனவே தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இதுவே. பேச்சுப் போட்டிக்கும் பாட்டுப் போட்டிக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கை ஆவணப்படுத்தும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். விழா முடிந்ததும் துண்டறிக்கை ஒன்றையும் மலர் ஒன்றையும் திகதியிட்டுக் கோப்பில் வைக்க ஓர் இளைஞரை நியமியுங்கள். பெற்றோர்களே, வரும் பாடசாலை விடுமுறையில் அலுமாரியிலிருந்து ஒரேயொரு மலரை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அதில் எழுதப்படாத செய்தியைச் சொல்லக்கூடியவர் இன்னும் நம்மோடு இருக்கின்றார். அவர் இருக்கும்போதே கேட்போம், கேட்டதை எழுதுவோம், எழுதியதை அடுக்கி வைப்போம்.