தோண்டாமல் கிட்டும் புதையல்

உலகின் பல நாடுகளிலும் குடும்பங்கள் விடுமுறை நாளில் விரும்பி ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. ‘ஜியோகேச்சிங்’ என்பது அதன் பெயர். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் குறிப்புகளில், பொதுமக்களுக்குத் துல்லியம் கிட்டாதிருக்க அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. ஓரிரு நாளிலேயே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களையும் குறிப்பேட்டையும் இட்டு மறைவாக வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிவித்தார். தேடிச் சென்று கண்டவர் குறிப்பேட்டில் தம் பெயரை எழுதினார். அவ்வளவே விளையாட்டு. இன்று கைப்பேசி ஒன்று இருந்தால் போதும். தந்தையும் தாயும் பிள்ளைகளும் பழங்கிராமங்களின் தெருக்களில் இவ்வாறு தேடித் திரிகின்றனர்.

இவ்விளையாட்டின் விதிகள் கருதத்தக்கவை. பெட்டியை மண்ணில் தோண்டிப் புதைக்கலாகாது. இடத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். உள்ளிருக்கும் பொருளொன்றை எடுப்பவர், அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான ஒன்றை வைத்துவிட வேண்டும். கண்டபின் பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தவாறே வைக்க வேண்டும். பெட்டியே இல்லாத வகையும் உண்டு. அங்கே குறித்த இடத்துக்குச் சென்று, கல்லிலோ பலகையிலோ உள்ளதைப் படித்து, கேட்ட வினாவுக்கு விடை கூறினால் தேடல் நிறைவுறும்.

தமிழகத்துத் திருக்கோயில்களுக்கு ஏற்றது இந்த இறுதி வகை ஒன்றே. ஆலயத்தின் மாடத்திலோ கல் இடுக்கிலோ பெட்டியை மறைத்து வைப்பது முறையன்று. காண்போர்க்கு அச்சத்தையும் விளைக்கும். மேலும், ‘புதையல்’ என்னும் சொல் நம் பழங்கோயில்களுக்குத் தீங்கையே செய்திருக்கிறது. பீடத்தின் அடியில் பொன் இருக்கும் என்னும் பேராசையால் நந்தியைப் பெயர்த்தவரும் கருவறைத் தளத்தைத் தோண்டியவரும் உண்டு. அவர்கள் இருளில் மண்ணைத் தோண்டியபோது, விலைமதிப்பற்ற செல்வம் அருகிலிருந்த சுவரிலேயே எழுத்தாக நின்றுகொண்டிருந்தது.

அச்செல்வத்தைக் குடும்பத்தோடு தேடிக் காண உகந்த ஊர், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய இவ்வூரில் சுந்தரவரதப் பெருமாள் மூன்று தளங்கள் கொண்ட விமானத்தில் எழுந்தருளியிருக்கிறார். முதல் தளத்தில் நின்ற கோலம், அடுத்ததில் அமர்ந்த கோலம், மேல்தளத்தில் கிடந்த கோலம். நடை சாத்துவதற்கு முன்னர் பெருமாளைச் சேவித்து, மூன்று திருக்கோலங்களையும் தேடி வணங்குவதே பிள்ளைகளுக்கு முதல் தேடலாக அமையட்டும்.

அடுத்தது வைகுண்டப் பெருமாள் கோயில். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோயிலின் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. முறையே கி.பி. 919, 921 என்பது அறிஞர் கணிப்பு. 1898-இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தபின் இவை உலகப் புகழ் பெற்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கும் முறையை இவை விரிவாகக் கூறுகின்றன.

செல்வதற்கு முன் கல்வெட்டின் வாசகத்தையும் அதன் எளிய உரையையும் நூலிலிருந்து படியெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுதல் நலம். சோழர் கால எழுத்தைப் பிள்ளைகள் உடனே படித்துவிட இயலாது. இடையே கிரந்த எழுத்துகளும் வரும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் இராது. ஆயினும் ட, ப, ய போன்ற எழுத்துகள் இன்றைய வடிவுக்கு நெருங்கியே நிற்கும். பத்து எழுத்துகளைக் கண்டறியும் சிறுவனுக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உளி பிடித்தவன் தன் மொழிக்காரனே என்பது விளங்கிவிடும்.

வினாக்களைப் பெரியவர்கள் முன்னரே எழுதி வைக்கலாம். ஊரில் எத்தனை குடும்புகள்? முப்பது. தேர்ந்த முப்பதின்மர் எவ்வாறு பிரிந்தனர்? சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக் காலம் எத்தனை நாள்? 360. வயது வரம்பு என்ன? முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் எழுந்த அடுத்த கல்வெட்டில் 35 முதல் 70 வரை. ஒரு விதியில் குறை கண்டால் அதைத் திருத்தி, திருத்தத்தையும் யாவரும் காணக் கல்லில் பொறித்த சபையை இங்கே காணலாம்.

பாட்டிக்கு உரிய வினாவும் ஒன்று உண்டு. வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவன் மீண்டும் பதவிக்கு வரலாகாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தான், மருமகன், தந்தை, மகன் என உறவுப் பட்டியல் நீள்கிறது. பாட்டி ஒவ்வோர் உறவாக எடுத்துரைக்க, பேரப்பிள்ளைகள் தம் வீட்டில் அந்த உறவினர் யாரெனக் கூறுவது இனிய பயிற்சி. ஒருவன் செய்யும் பொதுப்பணப் பிழை குலத்தையே தலைகுனியச் செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க இயலாது.

தேர்தல் நிகழ்ந்த விதம் பிள்ளைகளை இன்னும் கவரும். ஊரிலுள்ள நம்பிமார் அனைவரும் சபையில் அமர்ந்திருப்பர். அவருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணுமாறு தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏந்த வேண்டும். வேறோர் ஓலையை மறைத்து வைக்க இடமில்லை. அவன் வாசித்த பெயரை நம்பிமார் அனைவரும் வாசிப்பர். பெருமாள் சந்நிதி உள்ள ஊரில், ஒரு குழந்தையின் கள்ளமற்ற கையையே சபை நம்பியது.

எல்லாரும் இதில் இடம்பெற்றனர் என்று பிள்ளைகளுக்குக் கூறலாகாது. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவரே தகுதி பெற்றனர். அந்நாளின் எல்லையையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்நாளின் சிறப்பு உண்மையாக விளங்கும்.

இச்செல்வம் அழியாதது அன்று. உளியால் வெட்டிய எழுத்தும் சுண்ணாம்புப் பூச்சில் மறையும்; மணல் வீச்சில் தேயும்; எண்ணெய்க் கையும் கற்பூரக் கரியும் பட்டு மங்கும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சிதைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் சட்டத்தினும் வலிய காவல் ஒன்றுண்டு. தான் ஒருமுறை தேடிக் கண்டுபிடித்த எழுத்தின்மேல் எந்தப் பிள்ளையும் தன் பெயரைக் கிறுக்காது. பிறர் கிறுக்கவும் பொறாது.

ஆகவே, தேடலின் இறுதியில் பெயர் எழுத வேண்டிய குறிப்பேடு வீட்டிலிருந்தே வரட்டும். ஊர், நாள், கண்ட எழுத்துகள், பெற்ற விடைகள் ஆகியவற்றைப் பிள்ளைகள் தம் கையால் அதில் எழுதட்டும். எடுத்தால் ஈடாக ஒன்றை வைக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. கோயிலிலிருந்து அறிவை எடுத்துச் செல்லும் குடும்பம், ஈடாகச் சிறு தொண்டு செய்யலாம்: பிரகாரத்தில் கிடக்கும் நெகிழிப் பைகளைப் பொறுக்கி அகற்றலாம். அடுத்த விடுமுறைக்குத் தொலைவு செல்லவும் வேண்டா. சொந்த ஊர்க் கோயிலின் அதிட்டானத்தில், இதுவரை யாரும் நின்று நோக்காத வரி ஒன்று இருக்கக்கூடும்.