முதல் குறிப்பு எழுதியவர்கள்

போர் விமானம் என்றதும் நம் நினைவுக்கு வருவது குண்டும் துப்பாக்கியும்தான். சினிமா நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. ஆனால் ராணுவத்துக்கு விமானம் முதலில் தேவைப்பட்டது சுடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. அந்தப் பார்க்கும் வேலையைச் செய்தவர்களுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

தண்ணீரிலிருந்து எழும்பும் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் அதற்கு ‘இத்ராவியோன்’ என்று பெயர். மர்செய் நகரத்துக்காரரான ஆன்ரி ஃபாப்ர், 1910 மார்ச் 28 அன்று, மர்த்திக் ஊருக்கு அருகிலுள்ள உப்பங்கழியில் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். 50 குதிரைசக்தி எஞ்சின். பறந்த தூரம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அதற்கு முன் அவர் விமானம் ஓட்டியதே கிடையாது!

மறு வருடமே அவருடைய மிதவைகளை வுவாசேன் என்பவர் தம் விமானத்தில் பொருத்தினார். பிரெஞ்சுக் கடற்படை அந்த வகையில் ஒன்றை வாங்கிக்கொண்டு, ‘ஃபூத்ர்’ என்ற பழைய கப்பலை விமானம் சுமக்கும் கப்பலாக மாற்றியது. விமானத்தைக் கயிறு கட்டிக் கடலில் இறக்குவார்கள். அது போய்ப் பார்த்துவிட்டு வந்து தண்ணீரில் இறங்கியதும், மறுபடி மேலே தூக்கிக்கொள்வார்கள்.

1914 கடைசியில் நியூபோர் மிதவை விமானங்கள் சில எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. ஓட்டுபவர் பிரெஞ்சுக்காரர், உடன் உட்கார்ந்து பார்ப்பவர் ஆங்கிலேய அதிகாரி. வேலையோ சினாய் பாலைவனத்தின் மேல். மிதவை கட்டிய விமானத்துக்குக் கீழே வெறும் மணல்! எஞ்சின் நின்றால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிப் பறந்துதான் துருக்கிப் படை பாலைவனத்தைக் கடந்து வருவதைக் கண்டு சொன்னார்கள். 1915 பிப்ரவரி 3 அன்று அந்தப் படை சூயஸ் கால்வாயைத் தாக்கியபோது, காவல் நின்றவர்கள் தயாராக இருந்தார்கள்; தாக்குதல் முறியடிக்கப்பட்டது. கால்வாய்க் கரையில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் இந்தியச் சிப்பாய்கள். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத கதை அல்ல.

‘சண்டையில் ஜெயித்தது சிப்பாய்தானே, மேலிருந்து பார்த்தவனா?’ என்று சிலர் கேட்கலாம். சிப்பாயின் வீரத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியாத இடத்தில், வீரம் மட்டும் என்ன செய்யும்?

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு இது நன்றாகப் புரியும். கோப்பில் உத்தரவுக்குக் கீழே அதிகாரியின் கையெழுத்து இருக்கும். விவரங்களைத் தேடிப் பிடித்து முதல் குறிப்பு எழுதியவன் பெயரை யாரும் கேட்பதில்லை. அந்தக் குறிப்பு தப்பானால் உத்தரவும் தப்பாகும். மேலே இருப்பவர் விரும்புவதை எழுதாமல், கண்டதைக் கண்டபடி எழுதுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

ஃபாப்ர் 101 வயது வரை வாழ்ந்து 1984இல் காலமானார். நம்மில் பலர் அப்போது உத்தியோகத்தில் இருந்தோம். அவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டோம்? பேரப்பிள்ளைகளிடம் ரைட் சகோதரர்களைப் பற்றிச் சொல்லும்போது, இவரையும், போர்ட் சயீதிலிருந்து பறந்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.