இருக்கைக்கு எதிரே ஒரு திரை



சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் குடியேறி வாழும் உங்களில் பலருடைய பெற்றோர் இன்னும் கொழிஞ்சாம்பாறையிலோ, பாலக்காட்டுச் சித்தூரிலோ, மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களிலோதான் இருக்கின்றனர். உங்கள் உடன்பிறந்தாரில் ஒருவர் துபாயிலோ சார்ஜாவிலோ வேலை செய்கிறார். அங்கே பேரக்குழந்தை பிறக்கிறது. அம்மா போகவேண்டும். டிக்கெட் எடுக்கும் பொறுப்பு நகரத்தில் இருக்கும் உங்கள் தலையில் விழுகிறது. "புதிய விமானம், ஒவ்வோர் இருக்கைக்கும் தனித் திரை" என்னும் விளம்பரங்களைப் பார்த்திருக்கிறீர்கள். அம்மாவுக்கும் அப்படியொரு விமானம் கிடைத்துவிடும் என்று எண்ணிக்கொண்டு, குறைந்த கட்டணத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

சற்றுப் பொறுத்து, எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று பாருங்கள்.

ஏர் இந்தியா 2023ஆம் ஆண்டில் 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. அவற்றில் முதலாவது பெரிய விமானமான ஏர்பஸ் ஏ350, அவ்வாண்டு டிசம்பரில் டில்லிக்கு வந்து சேர்ந்தது. 2024 ஜனவரி 22 முதல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதில் 316 இருக்கைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தொடுதிரை உண்டு. ஆனால் உள்நாட்டில் சிறிது காலம் பறந்தபின், டில்லியிலிருந்து லண்டன், நியூயார்க் போன்ற தொலைவிடங்களுக்கே அவ்வகை விமானங்கள் அனுப்பப்பட்டன. நெடும்பாசேரியிலிருந்து வளைகுடா செல்லும் நம் மக்களை அதிகமாகச் சுமப்பது அதன் துணை நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். 2005இல் குறைந்த கட்டணச் சேவையாகத் தொடங்கிய அந்நிறுவனம் பெரும்பாலும் ஓட்டுவது ஒற்றை நடைவழி கொண்ட போயிங் 737 விமானங்களை. 2023 முதல் அங்கும் 737 மேக்ஸ் என்னும் புதிய விமானங்கள் வந்தன. விமானம் புதிதுதான், இருக்கைக்கு எதிரே திரை இல்லை.

திரை ஏன் இல்லை? திரைக்கு எடை உண்டு, கம்பி உண்டு, பழுது உண்டு. எடை கூடினால் எரிபொருள் கூடும். நான்கு மணி நேரப் பயணத்துக்கு அச்செலவு தேவையில்லை என்பது குறைந்த கட்டண நிறுவனங்களின் கணக்கு. அக்கணக்கை நான் குறைகூற மாட்டேன். தோட்டத்துக் கூலியில் பிள்ளைகளை வளர்த்தவருக்குக் கட்டணத்தில் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய் சிறிய தொகையன்று.

கோவையிலிருந்து சார்ஜா செல்லும் ஏர் அரேபியா வேறொரு வழியைக் கைக்கொள்கிறது. "ஸ்கைடைம்" என்ற பெயரில், விமானத்துக்குள் இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து படங்களைப் பயணியின் சொந்தக் கைப்பேசிக்கே அனுப்புகிறது. இதற்கு வெளி இணையம் வேண்டியதில்லை. ஆனால் பொத்தான் அழுத்தும் பழைய கைப்பேசி வைத்திருக்கும் அப்பாவுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசியோடு ஏறுகிறவருக்கும் அப்படியே.

திரை வேண்டுமானால் கொச்சியிலிருந்து எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்களின் பெரிய விமானங்களைப் பார்க்கவேண்டும். 1961இல் அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. நிறுவனம் பறக்கும் விமானத்தில் ஒழுங்காகத் திரைப்படம் காட்டத் தொடங்கியபோது, முதல் வகுப்பினருக்குப் பொதுவாக ஒரே திரைதான். அக்காலத்து ஹெட்போன், மருத்துவர் காதில் மாட்டுவது போன்ற வெற்றுக் குழாய்! 1988இல்தான் இருக்கையின் முதுகில் 2.7 அங்குலத் திரை வந்தது. 1992 முதல் எமிரேட்ஸ் எல்லா வகுப்பிலும், எல்லா இருக்கைகளிலும் திரை வைக்கத் தொடங்கியது. சாதாரண வகுப்பில் செல்லும் தொழிலாளிக்கும் அது கிடைத்தது என்பதே இதில் நான் மெச்சுவது.

ஆயினும், வயது முதிர்ந்தவரை அனுப்பும்போது திரையைவிட முக்கியமான வேறொன்று இருக்கிறது. அதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

நம் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். விமானம் பறப்பது அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு உயரத்தில். மூணாற்றில் உறைபனி விழும் ஜனவரி விடியலை அறிந்தவர்களே, அவ்வுயரத்தில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 50 பாகையையும் தாண்டும் குளிர்! ஆகவே உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். அலுமினிய உடல் கொண்ட 737, 777 போன்ற விமானங்களில் உள்ளிருக்கும் காற்று சுமார் 2,400 மீட்டர் உயரத்து மலைக்காற்றின் அளவுக்கு மெலியக்கூடும். கரியிழைக் கலவையால் செய்யப்பட்ட ஏ350, போயிங் 787 ஆகியவற்றின் உடல் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதால், உள்ளே சுமார் 1,800 மீட்டர் உயரத்துக் காற்றாகவே வைக்க முடிகிறது. மூணாற்றைவிடச் சற்றே உயரம், அவ்வளவுதான். மூணாற்றுத் தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு இது ஏறத்தாழப் பழகிய காற்று எனலாம். கொழிஞ்சாம்பாறைச் சமவெளியில் வாழும், மூச்சுத்திணறலோ இதயநோயோ உள்ள தகப்பனாருக்கு அப்படியன்று. மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். எமிரேட்ஸ் கொச்சிக்குப் பெரும்பாலும் அனுப்புவது 777. ஆகவே நல்ல திரை இருக்கும் விமானத்தில் காற்றும் புதுவகையாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

டிக்கெட் எடுக்கும் பக்கத்தில், பயண விவரத்தின் கீழ் விமான வகை சிறிய எழுத்தில் காட்டப்பட்டிருக்கும். பணம் செலுத்துமுன் அந்த ஒரு வரியைப் படியுங்கள். கடைசி நேரத்தில் விமானம் மாற்றப்படுவதும் உண்டு என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இனி, அம்மாவைப் பற்றி. மூணாற்றில் ஒரு காலத்தில் சிறு ரயில் ஓடியது. 1924 வெள்ளம் அதைக் கொண்டுபோயிற்று. இன்றுவரை இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை இல்லை. பயணிகள் விமான நிலையமும் இல்லை. வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்தில் உள்ள என்.சி.சி. ஓடுதளத்தில் 2022 டிசம்பரில் ஒரு சிறு பயிற்சி விமானம் இறங்கியபோது அதுவே பெருஞ்செய்தி. ஆகவே ரயிலில் ஒருநாளும் ஏறாமல் ஜீப்பிலிருந்து நேராக விமானத்துக்குப் போகும் தாய்மாரும் நம்மிடையே உண்டு. அத்தகையவருக்குப் படங்களின் எண்ணிக்கை ஒரு பொருட்டா? நம் வீடுகளில் பலவற்றில் சினிமா பார்க்கும் வழக்கமே இல்லை. அவருக்கு வேண்டியது "நான் இப்போது எங்கே இருக்கிறேன்? இன்னும் எவ்வளவு நேரம்?" என்பதற்கு ஒரு பதில். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க அவர் கூச்சப்படுவார். அறிவிப்புகளோ ஆங்கிலத்திலும் அவர் அறியாத பிற மொழிகளிலும் வேகமாக ஓடிவிடும்.

அதற்குத் திரையில் வரைபடம் இருக்கிறது. சிறு விமானப் படம் ஒன்று அரபிக்கடலின்மேல் மெல்ல நகரும். கடந்த தூரம், மீதியுள்ள நேரம், போய்ச்சேரும் ஊரின் நேரம் எல்லாம் வரும். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் கடிகாரம் கெட்டுவிட்டதென்று எண்ணுவார். ஏ350 விமானங்கள் பலவற்றில் வால்புறத்துக் கேமரா காட்டும் காட்சியையும் திரையில் பார்க்கலாம்.

தமிழ்ப் படங்கள் இருக்கும் விமானத்திலும் பட்டியல் தமிழில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வீட்டில் உங்கள் கைப்பேசியிலேயே தொட்டுப் பழக்குங்கள். மனித உருவம் வரைந்த பொத்தான் பணிப்பெண்ணை அழைப்பது. தெரியாமல் அழுத்திவிட்டால் பயப்படவேண்டாம், மீண்டும் அழுத்தினால் அணைந்துவிடும் என்று சொல்லுங்கள். முதல் வரிசையில் திரை கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதை வெளியே எடுக்க விடமாட்டார்கள். முதன்முறை போகிறவருக்கு அந்த வரிசை வேண்டாம்.

திரையில்லாத விமானமென்றால் ஒரு தாளில் பெரிய எழுத்தில், தமிழில், நம் நேரப்படியே எழுதிக் கொடுங்கள்: புறப்படும் நேரம், சாப்பாடு வரும் நேரம், இறங்கும் நேரம். கையில் ஒரு கைக்கடிகாரமும் கட்டிவிடுங்கள்.