பழைய காரை விற்கப் போறீங்களா? விலையை விட முக்கியமான விஷயம் இதுதான்!

2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் ஒரு பழைய மாருதி 800 கார் வெடித்துச் சிதறியது. அது யாருடைய கார் என்று விசாரித்தபோது, பல பேரிடம் கைமாறி வந்தது தெரியவந்தது. 2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரிலும் இதே கதைதான். எப்போதோ விற்றுவிட்ட பழைய உரிமையாளரையும் போலீஸ் தேடிப்போய் விசாரித்தது.

ஓட்டை உடைசல் கார்தானே, வர்ற விலைக்குத் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

என்ன விலை சொல்லலாம்?

பழைய காரின் விலையில் இன்ஜினுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறதோ, ஆர்.சி.யில் உள்ள தேதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. சொந்த உபயோக காருக்குப் பதிவு 15 வருஷம்தான். அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல்.

இதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், டயர், டிங்கரிங் செலவு எல்லாவற்றையும் கழித்துத்தான் வாங்குபவர் விலை கேட்பார். அதனால் தெரிந்த மெக்கானிக்கிடம் முதலில் ஒரு எஸ்டிமேட் வாங்கிடுங்க. அதே வருஷ மாடல் ஆன்லைனில் என்ன விலைக்கு இருக்கிறது என்றும் பாருங்க. ஆனால் அது கேட்கும் விலை. பேரத்துக்குப் பிறகு குறையும்.

காயலான் கடைக்குப் போட்டால்?

2021 ஸ்கிராப் கொள்கைப்படி, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் புதுக் காரின் எக்ஸ் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கலாம். புதுக் கார் 6 லட்சம் என்றால் 24,000 முதல் 36,000 ரூபாய். இதை உங்கள் அடிமட்ட விலையாக வைத்துக்கொள்ளலாம். அங்கே தரும் சான்றிதழைக் காட்டினால், புதுக் காருக்கான சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மாநிலங்களுக்கு வழி இருக்கிறது.

18% ஜி.எஸ்.டி. கட்டணுமா?

தனிநபர் தன் சொந்தக் காரை விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. அந்த 18 சதவீதம் பழைய கார் வியாபாரிகளுக்கானது. அதுவும் அவர்களுக்குக் கிடைக்கும் லாபத்தின் மீது மட்டும்தான்.

பெயர் மாறவில்லை என்றால்?

பணமும் சாவியும் கைமாறினாலும், ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 2007-ல் விற்ற கார், பல கைமாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. இழப்பீட்டுப் பொறுப்பு, பதிவில் பெயர் இருந்த முதல் உரிமையாளர் மீதே விழுந்தது. வெற்று ஃபாரத்தில் கையெழுத்து போட்டுக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

செய்ய வேண்டியது என்ன?

• ஃபாரம் 29, 30-ஐ வாங்குபவர் பெயர், தேதியோடு நிரப்பிய பிறகே கையெழுத்து போடுங்க.
• விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தரணும்.
• லோன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கலாம். ஃபாரம் 35 கொடுத்து நீக்கிடுங்க.
• டீலரிடம் கொடுத்தால், அவர் ஆர்.டி.ஓ.விடம் பதிவு பெற்றவரா என்று கேளுங்க. அப்படிப்பட்டவரிடம் ஃபாரம் 29சி மூலம் ஒப்படைத்தால், அடுத்து விற்கும்வரை பொறுப்பு அவருடையது.
• தேதி, நேரம் எழுதிய டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கி வைங்க. ஃபாஸ்டேக்கை ரத்து செய்திடுங்க.
• ஒரு மாதம் கழித்து பரிவாகன் தளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்க.

விலையில் இரண்டாயிரம், மூவாயிரம் குறைத்துக் கேட்டாலும், பெயர் மாற்றத்தை உடனே முடிப்பவரிடம் விற்பதே நல்லது.